கயிற்றை எப்போது விட வேண்டும்?

கேள்வி: பெங்களூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோடோ மென்பொருளில் சிறிய புதிர் பிளாட்ஃபார்மர் (திண்டுக்குத் திண்டு தாவிப் போகும்) கேம் ஒன்று செய்திருக்கிறேன். இலவசமாக வெளியிட எண்ணம். நாயகனுக்குக் குதிக்கத் தெரியாது. மேலே தொங்கும் வளையங்களில் கயிறு வீசி, ஊஞ்சலாடித்தான் பள்ளங்களைக் கடக்க வேண்டும். மொத்தம் 40 அறைகள். ஆறு நண்பர்களிடம் கொடுத்தேன்; ஐந்து பேர் மூன்றாம் அறையிலேயே மூடிவிட்டார்கள். பள்ளத்தைக் குறுக்கட்டுமா, விளக்க வாசகங்களைக் கூட்டட்டுமா?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய கோப்பில் மூன்றாம் அறையில் நானும் நான்கு முறை விழுந்தேன். நான்கு முறையும் ஒரே தவறுதான்: ஊஞ்சல் எதிர்ப்பக்கம் உச்சிக்குப் போகட்டும் என்று காத்திருந்து கயிற்றை விட்டேன். உச்சியில் வேகம் சுழியம். விட்டால் செங்குத்தாகத்தான் விழ வேண்டும். அடிப்புள்ளியில் வேகம் மிக அதிகம், ஆனால் படுக்கைவாட்டில் பாய்ந்து உடனே தாழ்ந்துவிடும். அடிப்புள்ளியைத் தாண்டிப் பாதி ஏறும்போது விட்டால்தான் தூரம் கிடைக்கிறது. உங்கள் கேமின் உயிரே அந்தக் கணத்தில் இருக்கிறது. உங்களுக்கு அது கையில் ஊறிவிட்டது. நண்பர்களுக்கு அதைக் கற்றுத்தரும் அறை ஒன்றுகூடக் கேமில் இல்லை.

முதல் அறையில் பள்ளமே வேண்டாம். ஒரே வளையம், கீழே தரை, எதிரே இடுப்பளவுத் திண்டு. விழுந்தால் சாவு இல்லை, திரும்ப ஏறி வீசலாம். உச்சியில் விட்டால் திண்டுக்கு முன்னே விழ வேண்டும். பாதி ஏற்றத்தில் விட்டால் மேலே நிற்க வேண்டும். திண்டின் தூரத்தை அப்படி அளந்து வையுங்கள். இரண்டாம் அறையில் அதே அமைப்பு, தரைக்குப் பதில் பள்ளம். வாசகம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், நானும் படிக்கவில்லை.

குதிக்காத நாயகன் புதிதல்ல. டெர்ரி கவானாவின் விவிவிவிவிவி (2010) கேமில் குதிப்பதற்குப் பதில் புவியீர்ப்பைத் தலைகீழாக்குவார்கள். அந்த ஒரே செயலை வைத்து அறைக்கு அறை புதுச் சிக்கல் தருவார். விழுந்த மறுகணமே அருகில் எழுந்துவிடலாம். உங்கள் கேமிலோ ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புத் திரை. முதலில் அதை எடுத்துவிடுங்கள். 2021இல் மூன்றே நாளில் செய்து இலவசமாகத் தந்த செலஸ்ட் கிளாசிக் 2 என்ற கேம் கொக்கிக் கயிற்றை வைத்தே ஓடுகிறது. அதையும் ஒரு மாலை ஆடிப் பாருங்கள்.

அடுத்தது கைமன்னிப்பு, அதாவது ஆட்டக்காரரின் கை சற்றுத் தவறினாலும் கேம் பொறுத்துக்கொள்வது. திண்டின் விளிம்பிலிருந்து கால் நழுவிய பிறகும் சில ஃபிரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள்) குதிக்கவிடும் பழைய ஏற்பாட்டைக் கோயோட் டைம் என்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதன் தம்பி: வளையம் எட்டும் தூரத்துக்கு வரும் முன்பே ஆட்டக்காரர் பொத்தானை அழுத்திவிட்டால், அந்த அழுத்தத்தை 6 ஃபிரேம் நினைவில் வைத்து, எட்டியதும் கயிற்றை வீசுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆட்டக்காரருக்குச் சலுகை தெரியாது; தன் கை தேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பொய்யைச் சொல்லலாம், குற்றமில்லை.

விசைகளையும் பாருங்கள். மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்கிறீர்கள். மலிவான விசைப்பலகைகள் பலவற்றில் மூன்றாவது விசை பதிவாவதே இல்லை. விழுந்தவர் தன்னையோ உங்களையோ திட்டுவார், விசைப்பலகையை அல்ல.

40 அறைகளில் பாதி ஒரே புதிரின் நிறம் மாற்றிய நகல்கள். காசு கொடுக்காதவருக்கு மூடிவிட்டுப் போவதில் நட்டமே இல்லை. 20 அறைகள் போதும். பத்தொன்பதாம் அறையில் இரண்டாவது கயிறு தருகிறீர்களே, அதையும் நீக்கிவிடுங்கள். அது வேறொரு கேம்.

சோதனைக்கு விடுதி நண்பர்கள் உதவமாட்டார்கள், உங்கள் முகத்துக்காக ஆடுவார்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிற பிள்ளைகள் யாரையாவது பெற்றோரிடம் கேட்டு உட்கார வையுங்கள். பின்னால் நின்று வாயைத் திறக்காமல், எந்த இடத்தில் கயிற்றை விடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். “இப்போது விடு” என்று ஒரு முறை சொல்லிவிட்டாலும் அந்தச் சோதனை வீண்.

அடுத்த வடிவத்தை அனுப்பும்போது மூன்றாம் அறையைத் தொடாமல் அனுப்புங்கள். முதல் இரண்டு அறைகளும் ஒழுங்காகக் கற்றுத்தந்திருந்தால், இந்த முறை நான் அங்கே விழக் கூடாது.