கம்பி வலை அடிப்பலகை மட்டும் போதுமா?

வணக்கம். உங்கள் இத்தாலியத் தேனீப் பெட்டியின் அடிப்பலகையில் ஈரம் தங்குவதையும் தேனீக்களின் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணிகள் விழுந்து கிடப்பதையும் கண்டு, பலகைக்குப் பதிலாகக் கம்பி வலை பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் பொருத்துங்கள். வலைக்கண் 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் அகலமுள்ள உண்ணி கீழே விழுந்துவிடும். தேனீ புக முடியாது. காற்றோட்டத்தால் ஈரமும் குறையும். ஆனால் புழு வளர்ப்புக் காலத்தில் உண்ணிகளில் பெரும்பகுதி மெழுகால் மூடிய புழு அறைகளுக்குள்ளேயே இருப்பதால், வலை மட்டும் உங்கள் தேனீக்களைக் காப்பாற்றிவிடாது.

வலைக்கு அடியில் வாஸ்லின் பூசிய வெள்ளைத் தகட்டை 3 நாள் செருகி வைத்து எண்ணிப் பாருங்கள்: நண்டின் ஓடுபோல் குறுக்கே அகன்ற செம்பழுப்புப் புள்ளிதான் உண்ணி, மற்றவை மெழுகுத் துகள்கள். எண்ணியதும் தகட்டை எடுத்துத் துடைத்துவிடுங்கள். தேங்கும் குப்பையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். உண்ணிகளைக் கொல்லப் பார்மிக் அமிலம் வைக்கும் நாட்களில் மட்டும், ஆவி கீழே இறங்கி வீணாகாதபடி வலையை அடைத்துவிடுங்கள்.