கிறிஸ்தவக் கூட்டுவாழ்வுப் பண்ணையில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன செய்வார்கள்?

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில், ஐந்து குடும்பங்களும் தனியாள்கள் மூன்று பேரும் சேர்ந்து வாழும் சிறு பண்ணையில் 2016 முதல் இருக்கிறேன். அதற்கு முன் மதுரையில் செவிலியராக வேலை பார்த்தேன். உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வேலிக்குள் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான், வேலிக்கு வெளியே செய்வதை ஊர் நம்புகிறது, அல்லது நம்ப மறுக்கிறது.

காலை ஐந்து மணிக்கு, மரத்தில் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டில் யாராவது தட்டுவார்கள். ஐந்தரைக்கு ஜெபம். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, கால் மணி நேர அமைதி, அவ்வளவுதான்; பிரசங்கம் கிடையாது. பிறகு வெல்லம் போட்ட வரக்காப்பி. அதற்குள் மாட்டுக்கொட்டில்காரர்கள் பால் கறந்து முடித்திருப்பார்கள். ஏழரைக்குத் தோட்டம். நிழல்மரங்களுக்கு அடியில் காப்பி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு, ஓரங்களில் மலைவாழை, சமமான இடங்களில் பீன்ஸும் சௌசௌவும். மதியமும் இரவும் ஒரே அடுக்களை. சமையல் முறைவைத்து நடக்கிறது, ஆண்களுக்கும் முறை உண்டு. கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்துவிடும். எடுத்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோலுரிக்க வேண்டும். இல்லையென்றால் புளித்துச் சுவை கெடும். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கு நனைந்த கைகளோடு நின்றுகொண்டே ஜெபம் செய்திருக்கிறோம்.

இப்படி வாழ்வது எங்கள் கண்டுபிடிப்பல்ல. ஆதித் திருச்சபையில் விசுவாசிகள் உடைமைகளைப் பொதுவில் வைத்து அவரவர் தேவைக்குப் பகிர்ந்துகொண்டார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. நம் மண்ணிலேயே 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், இருவரும் மருத்துவர்கள். ஆளும் இனம், ஆளப்படும் இனம் என்ற சுவர் நின்ற காலத்தில் ஒரே கதர், ஒரே உணவு என்று வாழ்ந்தார்கள். அங்கே அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1942இல் தொடங்கிய கொய்னோனியா பண்ணையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டார்கள். அதற்காக அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவர்களைப் புறக்கணித்தார்கள், துப்பாக்கிச் சூடுகூட நடந்தது. பீக்கன் கொட்டைகளைத் தபாலில் விற்றுப் பிழைத்தார்கள். இந்த இரண்டு கதைகளையும் எங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது நம் ஊரிலும் சாதாரண விஷயமல்ல.

உள்ளே கடினமானது மண்வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மண்வேலை பழகிவிடும். பொதுப்பணம்தான் பழகுவதில்லை. வருமானம் முழுவதும் ஒரே கணக்கில் போகிறது, குடும்பத்துக்கு மாதக் கைச்செலவு மட்டும் தனி. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டியிருந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை என்பது எங்கள் முடிவு. அந்தத் தொகையை எழுதிவிட்டுச் சொந்தங்களின் முன்னால் நின்றபோது நான் கூனிப்போனேன். திரும்பி வந்து மூன்று நாள் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்கு முன், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் பேசித் தீர்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது இங்கே வழக்கம். காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற ஆண்டவரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறோம். அன்று நான் அழுதுகொண்டே பேசினேன். தொகை மாறவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும் அண்ணன் எழுந்து வந்து, தன் அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூச்சப்பட்டுத் தானே நான்கு மாதம் தள்ளிப்போட்டதைச் சொன்னார். அதன் பிறகு மருத்துவச் செலவை யாரும் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

இனி வெளியே. நாங்கள் வந்த புதிதில் ஊழியம் என்றால் முகாம், மாலை வகுப்பு, பழந்துணி என்றுதான் நினைத்திருந்தோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது நினைவிருக்கும். அடுத்த கோடையில் எங்கள் பக்கத்து ஓடைகள் நூலாக இளைத்துவிட்டன. நாங்கள் மேலே ஓடையில் கறுப்பு ஓஸ் போட்டு பீன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். அதே வாரம் கீழ்க்குடியிருப்பில் இரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். செவிலியர் என்பதால் என்னை அங்கே சிஸ்டரம்மா என்பார்கள். ஓர் ஆத்தா கையை நீட்டியபடியே சொன்னார்: "சிஸ்டரம்மா, நீங்கள் நல்ல மனுஷர்கள்தான். ராத்திரியில் மட்டும் அந்தக் குழாயை மடக்கி வையுங்கள். ஒரு குடம் நிறைவதற்குள் விடிந்துவிடுகிறது."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நாங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு மாத்திரை கொண்டுபோயிருக்கிறோம்! அன்றிரவு நள்ளிரவுவரை பேசினோம். கடன் இருக்கிறது, பீன்ஸ் பூத்திருக்கிறது என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. காலையில் ஓஸைச் சுருட்டினோம். பீன்ஸ் முழுவதும் காய்ந்தது. அடுத்த ஆண்டுகளில் கூரை மழைநீருக்குத் தொட்டி கட்டினோம், சரிவில் குழிகள் வெட்டினோம், கோடையில் கீழ்க்குடியிருப்போடு முறைத் தண்ணீர் வைத்துக்கொண்டோம். அந்த ஓடைக்கரையில்தான் அவர்கள் எங்களோடு மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

கூலியும் அப்படித்தான். பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பது பழகிப்போன வழக்கம். நாங்கள் ஒரே கூலி கொடுக்கிறோம், சந்தைக்குப் போகும் முன் கையில் கிடைக்கும்படி கொடுக்கிறோம். பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. காப்பி விலை சரியும் ஆண்டில் சிறு விவசாயி என்ன செய்வார்? அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பல்பரையும் உலர்களத்தையும் அவர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கிறோம். வாழையில் முடிக்கொத்து நோய் வந்தால் சேர்ந்தே தோட்டந்தோட்டமாக நடக்கிறோம். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது, மருந்து கிடையாது, நோய்க்கன்றை வேரோடு எடுத்து அழிக்க வேண்டும். ஒருவர் மனம்வராமல் விட்டுவைத்தால் அடுத்தவர் தோட்டமும் போகும். பெயர்பெற்ற இந்த மலைவாழையை ஒரு தலைமுறைக்கு முன் ஏறக்குறைய அழித்ததே இந்த நோய்தான். தன் வாழையைத் தானே வெட்டும்போது பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் ஆறுதலாக இருக்கிறது.

பளியர் பழங்குடியினரின் குடியிருப்பில் எங்கள் வேலை பெரும்பாலும் காகித வேலை. பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை. விண்ணப்பம் எழுதுவது, கூடவே பஸ் ஏறுவது, அலுவலக வாசலில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது, அடுத்த வாரம் மறுபடியும் போவது. இதற்குப் பொறுமைதான் வேண்டும், வேறு திறமை எதுவும் வேண்டாம்.

மதம் மாற்றுகிறீர்களா என்று அடுத்து கேட்பீர்கள். நான் இயேசுவை நம்புகிறேன், கேட்பவரிடம் மனநிறைவோடு சொல்வேன். மாலை வகுப்பில் கணக்கும் தமிழும் மட்டும்தான் நடக்கும். ஏழு மணி ஜெபம் வேறு அறையில், வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு போன பிறகு நடக்கும். மருந்துக்கும் மனுவுக்கும் கைம்மாறாக யாரிடமும் எதையும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம். எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு ஊரார் பூசணியும் மிளகும் கொண்டுவந்து ஏலத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கோயில் திருவிழாப் பந்தலுக்கு எங்கள் மூங்கில் போகிறது. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மிளகுக்கொடியோடு சில்வர் ஓக் மரங்கள் சரிந்து பாதையை அடைத்துவிட்டன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. விறகடுப்பில் எல்லாருக்கும் கஞ்சி வைக்கலாம் என்று நாங்கள் அரிசி அளந்துகொண்டிருந்தபோதே கீழேயிருந்து அரிவாள் சத்தம் கேட்டது. கீழ்க்குடியிருப்பு ஆண்கள் எங்கள் வாசல்வரை பாதையை வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களில் ஓர் அம்மா நிறைமாதமாக இருந்ததை அந்த ஆத்தா நினைவில் வைத்திருந்து அவர்களை அனுப்பியிருந்தார். குழந்தை ஐந்து நாள் கழித்து மலைக்குக் கீழே மருத்துவமனையில் பிறந்தது.

நேரில் பார்க்க நினைத்தால் இது போன்ற ஒரு பண்ணைக்குப் பழம் எடுக்கும் காலத்தில் போங்கள், இரண்டு வாரமாவது தங்குங்கள். ஞாயிறு ஆராதனையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கூலி கொடுக்கும் நாளில் கூடவே நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதற்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கம்பளியும், காலில் ஏறும் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பும் கொண்டுபோங்கள்.