நோட்டாரியோவுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் உள்ளே வையுங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய ஆறு வருடமாக ஒரு குவாத்தமாலா பெண் வருகிறார். மூன்று வாரத்துக்கு முன் அவருடைய கணவரை, வேலைக்குப் போகும் வழியில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை என் சமையலறையில் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று அலறி, கைகால் உதறிக் கீழே விழுந்துவிட்டார். எமர்ஜென்சியில் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய மகனுக்கு ஒன்பது வயது, இங்கேயே பிறந்தவன். தினமும் வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். இப்போது ஒரு ‘நோட்டாரியோ’ 4,500 டாலர் கொடுத்தால் மனநல சர்ட்டிஃபிகேட்டும் ‘பத்து வருடப் பெர்மிட்’டும் வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். பணத்தை நான் கடனாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவருக்கு வந்திருப்பது மனநோயா, வெறும் பயமா? மருந்து தேவைப்படுமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் நம்பியதில் தப்பில்லை. நம் ஊர் கோர்ட் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நோட்டரியும் வக்கீல்தானே. குவாத்தமாலாவிலும் அப்படித்தான். மெக்சிகோவில் ‘நோட்டாரியோ புப்ளிகோ’ என்றால் சாதாரண வக்கீலைவிடப் பெரிய ஆள். அமெரிக்காவில் நோட்டரி பப்ளிக் என்பவர், நீங்கள் போட்ட கையெழுத்து உங்களுடையதுதான் என்று பார்த்து முத்திரை குத்துகிறவர். பார்சல் கடையில்கூட ஒருவர் இருப்பார். சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்துத்தான் வியாபாரமே. டெக்சாஸில் ‘நோட்டாரியோ’ என்று விளம்பரம் செய்வதே சட்டவிரோதம், அதனால் பலகையில் வருமான வரி, பணம் அனுப்புதல், மொழிபெயர்ப்பு என்று இருக்கும். உள்ளே போய் உட்கார்ந்தால் அவர் ‘நோட்டாரியோ’.

‘பத்து வருடப் பெர்மிட்’ என்று ஒரு பெர்மிட் இல்லை. சட்டத்தில் இருப்பது நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்கும் ஒரு மனு. பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை யாருக்காவது அசாதாரணமான, மிகக் கடுமையான கஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். நாடு முழுக்க வருடத்துக்கு 4,000 பேருக்குத்தான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே நாடுகடத்தல் வழக்கில் இருப்பவர்தான் நீதிபதியிடம் இதைக் கேட்க முடியும். எந்த அலுவலகத்திலும் போய் விண்ணப்பிக்க முடியாது.

அப்படியானால் புரோக்கர் என்ன செய்வார்? வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு பொய்யான அடைக்கல மனுவைப் போட்டுவிடுவார். அது தோற்றதும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும், ‘பார்த்தாயா, பெர்மிட்டுக்கு வழி திறந்தாயிற்று’ என்பார். அதாவது, இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்த பெண்ணை 4,500 டாலர் வாங்கிக்கொண்டு நாடுகடத்தல் வழக்கில் கொண்டுபோய் நிறுத்துவார். தெரிந்தே போட்ட போலி மனு என்று நீதிபதி தீர்ப்பெழுதினால் பிற்காலத்தில் எந்தக் குடியேற்றச் சலுகையும் கேட்க முடியாமல் போகலாம். அந்தப் பெண் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று இன்றே கேளுங்கள். போட்டிருந்தால் நகல் வேண்டும். நோட்டாரியோக்கள் நகல் கொடுக்கமாட்டார்கள், அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

வழக்கறிஞர் யார் என்றால், மாநில பார் கவுன்சில் பட்டியலில் பெயர் உள்ளவர், அல்லது மத்திய அரசின் நீதி அமைச்சகம் அங்கீகரித்த தொண்டு நிறுவனப் பிரதிநிதி. வேறு யாரும் இல்லை. அரசு இலவச வக்கீல் தருமா என்று கேட்காதீர்கள். கடையில் திருடிச் சிறைக்குப் போகும் நிலையில் இருப்பவனுக்கு அரசுச் செலவில் வக்கீல் உண்டு. குடியேற்ற நீதிமன்றத்தில் தனியாக நிற்கும் சின்னக் குழந்தைக்குக்கூட அந்த உரிமை கிடையாது. முப்பது லட்சத்துக்கு மேல் வழக்குகளைத் தேக்கி வைத்துக்கொண்டு வக்கீலும் தரமாட்டோம் என்றால், அந்த இடத்தை நிரப்ப நோட்டாரியோ வராமல் என்ன செய்வான்?

சரி, உங்கள் சமையலறைக்கு வருகிறேன். நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறுவது, நடுக்கம், அலறல், விழுவது, இவை குடும்பத்தில் ஒரு இடி விழுந்த பிறகு வருவதை லத்தீன் அமெரிக்கர்கள் ‘அட்டாக்கே தே நெர்வியோஸ்’ என்பார்கள். நரம்பு பொங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க மனநலக் கையேட்டிலேயே இந்தப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. பக்கத்திலேயே ‘சுஸ்தோ’ என்று இன்னொன்று இருக்கிறது. பயந்ததால் உயிர் உடம்பை விட்டு விலகி, சாப்பாடு தூக்கம் கெட்டுப்போவது. நம் பாட்டிகள் ‘பயந்த கோளாறு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்களே, அதன் அக்கா தங்கை. அவர் யாரிடமாவது போய் முட்டை சுற்றிப் போட்டுக்கொண்டால் தடுக்காதீர்கள். மருத்துவத்துக்கு அது போட்டி இல்லை.

ஒரு முறை வந்ததாலேயே மனநோய் என்று ஆகாது. கணவரைப் பிடித்துக்கொண்டு போனதில் தனியாக நிற்பவருக்கு உடம்பு இப்படிப் பேசுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். மருந்து முதல் படி இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், ராத்திரி தூக்கம் அடியோடு போனால், ‘நான் இல்லாமல் போனால் பையனுக்கு நல்லது’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அன்றைக்கே மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். எண் 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஸ்பானிஷ் தாய்மொழியா? குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் உண்டு. ஹூஸ்டனில் தொத்தோனிகாபான் பகுதியிலிருந்து வந்தவர்கள் வெகுகாலமாக இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு வீட்டு மொழி கிச்சே. ஸ்பானிஷ் சந்தையிலும் வேலையிடத்திலும் பழகிய மொழி. நம்மில் ஒருவர் டெல்லி மருத்துவமனையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அரைகுறை இந்தியில் தன் துக்கத்தைச் சொல்வது போல. மனசைக் குறிக்கும் கிச்சே சொற்கள் பல, நம் ‘நெஞ்சு’ மாதிரி, இதயத்தை வைத்தே அமைந்தவை. ‘நெஞ்சு தாங்கவில்லை’ என்று அவர் நினைத்தது ஸ்பானிஷில் ‘இதயம் வலிக்கிறது’ என்று வந்து, ஆங்கிலத்தில் மாரடைப்புச் சந்தேகமாகி, இசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இசிஜி எடுத்தது சரிதான். அதோடு நிறுத்தியதுதான் தப்பு.

‘உன் மொழி என்ன’ என்று நேராகக் கேட்டால் ‘ஸ்பானிஷ்’ என்றுதான் பதில் வரும். மாயா மொழி பேசுவதை ஊரிலேயே கேலி செய்து வளர்ந்தவர்கள், வெட்கப்படுவார்கள். ஊரில் இருக்கும் அம்மாவோடு போனில் எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேளுங்கள். கிச்சே என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழியின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும், போனிலாவது. ‘பையன் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறானே’ என்று ஒரு நர்ஸ் சொல்வார். கூடாது. அவசர நிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்க விதியே அனுமதிப்பதில்லை. சாக வேண்டும் போலிருக்கிறதா என்ற கேள்வியை அம்மாவிடம் ஒன்பது வயதுப் பையன் கேட்பதை யோசித்துப் பாருங்கள். நான் அதை ஒரு முறை பார்த்திருக்கிறேன். பையன் அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டான்.

பையனைப் பற்றி நீங்கள் குறைவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவன்தான் அதிகக் கவலை. வயிற்றுவலி சனி, ஞாயிறிலும் வருகிறதா? ராத்திரி ஷூவைக் கழற்றாமல் தூங்குகிறானா? என்னிடம் வந்த குழந்தைகளில் அப்படித் தூங்கியவர்கள் உண்டு, யாராவது கதவைத் தட்டினால் ஓடத் தயாராக. இவனுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பயம் இருக்காது. தான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அம்மா காணாமல் போய்விடுவாளோ என்ற பயமாகத்தான் இருக்கும்.

‘அவன்தான் சிட்டிசன் ஆயிற்றே’ என்று இங்கே பலர் என்னிடம் சொல்வார்கள், நம்மவர்களும்தான். காகிதம் இருப்பவர்களின் உடம்பும் தப்புவதில்லை. 2008 மே 12-ஆம் தேதி அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் ஊரில் ஒரு இறைச்சி ஆலையில் ரெய்டு நடந்தது. கிட்டத்தட்ட 400 பேரைப் பிடித்தார்கள், பெரும்பாலும் குவாத்தமாலாக்காரர்கள். அதற்குப் பிந்தைய மாதங்களில் அயோவா முழுக்க லத்தீன் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம், ஒரு வருடம் முன்பு இருந்ததைவிட 24 சதவீதம் கூடியது. அமெரிக்காவிலேயே பிறந்த லத்தீன் தாய்மாருக்கும் கூடியது. வெள்ளைக்காரத் தாய்மாருக்குக் கூடவில்லை. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிற ஊரில் பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருந்து என்ன பயன்? கடையில் பின்னாலேயே வரும் காவலாளியும், ‘இங்கிலீஷில் பேசு’ என்று சீறும் ஆளும் அதைப் பார்த்துவிட்டா வருகிறார்கள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறு வயதில் வந்தவர்களுக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு தந்த 2012 டாக்கா (DACA) திட்டத்துக்குப் பிறகு, ஆரிகன் மாநிலத்தில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தப் பாதுகாப்புக்குத் தகுதிபெற்ற தாய்மாரின் குழந்தைகளிடம் பதற்றம் சார்ந்த நோய்க் கணிப்புகள் பாதிக்கும் கீழே போயின. குழந்தைகளுக்குத் தனியாக எந்தச் சிகிச்சையும் தரவில்லை. அம்மாவின் பயம் குறைந்தது, அவ்வளவுதான்.

பையனுக்கு உடனே தேவை ஒரு பதில்: ‘அம்மா ஒரு நாள் வராவிட்டால் என்னைக் கூப்பிட யார் வருவார்?’ ஒரு பெயர், ஒரு போன் நம்பர், பள்ளி அலுவலகத்தில் அந்தப் பெயர். டெக்சாஸில் பெற்றோர் இன்னொருவருக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் தர எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது, வக்கீலிடம் கேட்டால் செய்து தருவார். அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கலாமா என்று அந்தம்மா கேட்கக்கூடும். சரி என்று சொல்லுமுன் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுப் பின்வாங்குவதைவிட முதலிலேயே முடியாது என்பது நல்லது.

காகிதம் இல்லாத பிள்ளைகளுக்குக்கூடப் பள்ளிக்கூடம் போகும் உரிமையை 1982-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, அதுவும் டெக்சாஸ் வழக்கில்தான். வயிற்றுவலி வரும்போது வீட்டில் நிறுத்தாமல் பள்ளி நர்ஸிடம் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் தேதியோடு பதிவாகும். இது ஏன் முக்கியம் என்றால், அப்பா இப்போது நாடுகடத்தல் வழக்கில் இருக்கிறார். நான் மேலே சொன்ன மனுவுக்கு அவருக்குத் தகுதி இருக்கலாம், இருந்தால் மகனுக்கு வரும் கஷ்டம்தான் வழக்கின் உயிர். மனநல மதிப்பீட்டு அறிக்கை நிஜமாகவே உதவும் இடம் அது. ஆனால் அதை வக்கீல் கேட்ட பிறகு, பையனைச் சில முறையாவது பார்த்த உளவியலாளர் எழுத வேண்டும். புரோக்கர் விற்பது பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த தாள். ஹோண்டுராஸ் பெண் ஒருவரின் அறிக்கையை எனக்குக் காட்டினார்கள். மூன்றாவது பத்தியில் அவர் ‘எல் சால்வடாரில் பிறந்தவன்’ என்று ஆணாகியிருந்தார். அரசு வக்கீல் அதைத்தான் முதலில் வாசித்துக் காட்டினாராம்.

கணவரைப் பார்க்க அந்தப் பெண் தடுப்பு மையத்துக்கு நேரில் போக வேண்டாம், வக்கீலிடம் கேட்காமல் கண்டிப்பாக வேண்டாம். கணவருடைய குடியேற்றக் கோப்பு எண்ணான ‘ஏ’ நம்பர் இருந்தால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இணையத்திலேயே தேடலாம்.

மருத்துவமனைக்குப் போக அவர் இனிமேல் பயப்படுவார். 2024 நவம்பர் முதல் டெக்சாஸ் மருத்துவமனைகள் குடியேற்ற நிலையைக் கேட்கின்றன. பதில் சொல்லாமல் இருக்கலாம், சிகிச்சை மாறாது. இதைச் சொல்லும் வரி படிவத்திலேயே இருக்கும், யார் வாசிக்கிறார்கள்? 2025-இல் மத்திய அரசு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டின் தகவல்களைக் குடியேற்றத் துறையிடம் கொடுத்து அது வழக்கானது. இதையெல்லாம் செய்துவிட்டு, ‘தயங்காமல் உதவி கேளுங்கள்’ என்று கிளினிக் சுவரில் எங்களைப் போஸ்டர் ஒட்டச் சொல்கிறார்கள்.

எமர்ஜென்சி பில் வந்ததும் நல்லெண்ணத்தில் நீங்கள் கட்டிவிடாதீர்கள். தர்ம ஆஸ்பத்திரி வகையைச் சேர்ந்ததென்றால் கட்டணச் சலுகை விண்ணப்பம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். மேற்கொண்டு பார்க்க, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியின் பொது மருத்துவ அமைப்பில் வருமானத்துக்கேற்ற சலுகை உண்டு, மக்கள் இன்னும் ‘கோல்டு கார்டு’ என்பார்கள். காகிதம் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்றும் வருமான விவரமும் கேட்பார்கள். வரும் செவ்வாய்க்கிழமை அவர் வரும்போது கரன்ட் பில்லை எடுத்துவரச் சொல்லுங்கள். அது கணவர் பெயரில் மட்டும் இருந்தால், வேறென்ன காட்டலாம் என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள், அந்தம்மாவை இரண்டு முறை வரிசையில் நிற்க வைக்காமல்.