நாற்றுக்கு எந்த அளவு தொட்டி?

கேள்வி: மாடித்தோட்டம் ஆரம்பித்திருக்கிறேன். தக்காளி, மிளகாய் விதைகளை நேராகப் பெரிய பையிலேயே போட்டுவிடலாமா? சின்னதில் வளர்த்து மாற்றுவது இரட்டை வேலை இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: இரட்டை வேலைதான் தங்கச்சி, ஆனால் செய்யுங்கள். பெரிய பை நிறைய மண்ணை நனைக்கிறீர்கள். நூல் மாதிரி ஒரு வேர் எவ்வளவு தண்ணீரைக் குடித்துவிடும்? மீதி ஈரம் அப்படியே நிற்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி, மெலிந்து, நாற்று சாய்ந்துவிடும். அதுதான் நாற்றழுகல். நன்றாக முளைத்த நாற்று அப்படிச் சாய்வதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது.

98 சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை போடுங்கள். தட்டு இல்லாவிட்டால் டீக்கடை பேப்பர் கப் போதும், அடியில் மூன்று ஓட்டை கட்டாயம். தக்காளி 25 நாளில் தயாராகிவிடும், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் பொறுங்கள். நாற்றை மெல்ல உருவிப் பாருங்கள்: வெள்ளை வேர் மண்ணைக் கட்டிப் பிடித்து, உதிராமல் வந்தால் மாற்றலாம். வேர் அடியில் வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிட்டால் தாமதம்.

மிளகாய்க்கு 12 அங்குலப் பை போதும். தக்காளிக்கு 15 அங்குலமாவது கொடுங்கள். தண்டையும் கொஞ்சம் மண்ணுக்குள் இறக்கி நடுங்கள், அதிலிருந்தும் வேர் விடும். மிளகாயை அப்படிப் புதைக்க வேண்டாம்.

வெண்டை, முள்ளங்கி மட்டும் நேராகப் பையில்தான். அவற்றின் வேரைத் தொடாதீர்கள்.