எகிப்து போகும்போது அமர்னாவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

கெய்ரோவுக்கும் லக்சருக்கும் நடுவே, பழைய தலைநகரம் ஒன்றின் இடிபாடுகளான அமர்னாவையும் சேர்க்கலாமா, அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே என்பது உங்கள் கேள்வி. அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கர்னாக் கோயில் மாதிரி அண்ணாந்து பார்க்கிற தூண்கள் இங்கே கிடையாது, மணலும் தாழ்வான செங்கல் சுவர்களும்தான். ஆனாலும் போங்கள் என்பதுதான் என் பதில், எந்த வரிசையில் பார்ப்பது என்று மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் அதில்தான் கோட்டை விட்டேன்.

பேசி வைத்திருந்த கார் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. பதற்றத்தில், நைலைப் படகில் கடந்ததும் பக்கத்தில் இருக்கிறதே என்று நகரப் பகுதிக்குள் முதலில் நுழைந்துவிட்டோம். ஆட்டன் என்பது சூரிய வட்டமாக வணங்கிய தெய்வம், அதன் சிறிய கோயிலில் ஆய்வாளர்கள் திரும்ப நிறுத்தி வைத்த தூண் இருக்கிறது, அதைப் போட்டோ எடுத்தேன். பெரிய கோயில் என்றார்கள், பார்த்தால் வெறும் மைதானம். வெயில் மண்டையைப் பிளந்தது, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் வடக்குக் கல்லறைகளுக்குப் போனோம். மலைச் சரிவில் படியேறிப் போக வேண்டும், காவலர் சாவி கொண்டு வந்து திறந்துவிடுவார். தலைமைப் பூசாரி மெரிரேயின் கல்லறைச் சுவரில், சற்று முன்னால் நாங்கள் வெறும் மைதானமாகப் பார்த்த அதே கோயில் செதுக்கப்பட்டிருக்கிறது: வாசல் கோபுரங்கள், வரிசை வரிசையாகப் படையல் மேசைகள், அரசனின் தேர். ஒரு மூலையில் கண் தெரியாத இசைக் கலைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் யாழ் மீட்டுகிறார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் கோடுகள் எழும்பித் தெரியும். இதைப் பார்த்துவிட்டுக் கீழே போயிருந்தால் அந்த மண் திட்டுகள் என்னவென்று புரிந்திருக்கும். திரும்பிப் போகலாம் என்றால் மூடுகிற நேரம் வந்துவிட்டது. மறுநாள் இன்னொரு கார் பிடித்து மறுபடி வந்தோம்.

ஆகவே முதலில் வடக்குக் கல்லறைகள், பிறகு நகரம். நகரம் ஆற்றோரமாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, நடந்து பார்க்கிற கதையே இல்லை, கார் நாள் முழுக்கக் கூடவே இருக்கட்டும். நேரம் இருந்தால் தெற்குக் கல்லறைகளில் ஆய் என்பவருடையதைப் பாருங்கள், ஆட்டன் துதியின் நீளமான வடிவம் அங்கேதான் இருக்கிறது. மனிதர் பின்னாளில் துட்டன்காமுனுக்கு அடுத்த அரசராகிவிட்டார், அடக்கமானது லக்சர் பக்கம், இது காலியாகவே கிடந்தது.

போகும் முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கி.மு. 1346 வாக்கில் அக்கெனாட்டன் என்ற அரசர், தன் ஆட்டனுக்காக, வேறு எந்தத் தெய்வத்துக்கும் சொந்தமில்லாத நிலம் என்று தேர்ந்தெடுத்துக் கட்டிய தலைநகரம் இது. எல்லைக் கல்வெட்டுகளில் அவரே அப்படிச் சொல்கிறார். அவர் இறந்த சில வருடங்களிலேயே ஊர் காலியானது. ஒரு ஆள் தூக்கக்கூடிய சின்னக் கற்களால் வேகவேகமாகக் கட்டியதால் பிரிப்பதும் சுலபமாகப் போயிற்று, இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் அந்தக் கற்களை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற அஷ்முனைனுக்குக் கொண்டுபோய்க் கட்டடங்களுக்குள் திணித்துவிட்டார்கள். மைதானம் ஏன் மைதானமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

அக்கெனாட்டனின் அரசி நெஃபர்டிட்டியின் புகழ்பெற்ற சிலையைத் தேடாதீர்கள். 1912 டிசம்பரில் இங்கே சிற்பி துட்மோசின் பட்டறையில் கிடைத்ததுதான், ஆனால் இருப்பது பெர்லினில். இன்னொன்று, கல்லறைச் சித்திரங்களில் படையல் மேசைகள் பொங்கி வழிகின்றன, ஆனால் சாதாரண ஜனங்களைப் புதைத்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளில் பாரம் சுமந்து சேதமான முதுகெலும்புகளும் சத்துக் குறைவின் அடையாளங்களும்தான் தெரிந்தன, இளம் வயதிலேயே செத்தவர்கள் ஏராளம். அதைப் படித்த பிறகு அந்த மேசைகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

தங்குவதற்கு மினியா நகரம்தான் சரி. கெய்ரோவிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து அமர்னா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போலீஸ் கூடவே வந்தால் பயப்படாதீர்கள், அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அது வழக்கம், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொண்டு காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது, நிழல் என்ற பேச்சே இல்லை. சாவி வைத்திருக்கும் காவலர்களுக்கு பக்‌ஷீஷ், அதாவது அன்பளிப்புக் காசு, கொடுக்கச் சில்லறை நோட்டு வேண்டும். தண்ணீரும் சாப்பாடும் மினியாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் தஅமியா கட்டிக்கொண்டு போனோம், அவரையினத்துப் பயறு ஒன்றை அரைத்துச் சுடுவது, ஆறினாலும் நம் மசால் வடை மாதிரி தாங்குகிறது.

இரண்டாவது நாள் கிடைத்தால் மினியா பக்கத்தில் இருக்கிற பெனி ஹசன் கல்லறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம், வண்ணம் இன்னும் போகவில்லை. லக்சர் ரயிலை மினியாவிலேயே பிடிக்கலாம், அதற்காகக் கெய்ரோ திரும்ப வேண்டாம்.