'மேரீட் வித் சில்ட்ரன்' தொடரில் பண்டி குடும்பம் ஏன் கடைசிவரை முன்னேறவே இல்லை?

சிட்காம் என்பது அதே ஆட்கள், அதே வீடு, வாரம் ஒரு புதுச் சிக்கல் என்று போகும் நகைச்சுவைத் தொடர். 1987 முதல் 1997 வரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்த இதுவும் அப்படித்தான். சிகாகோ புறநகரில் வசிக்கும் அல் பண்டி செருப்புக்கடை விற்பனையாளர். பள்ளி நாட்களில் அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் 4 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) அடித்த பெருமையைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் சோபாவில் சாய்ந்து, ஒரு கையைப் பேண்ட் இடுப்புக்குள் செருகிக்கொள்வார். அடுப்புப் பக்கமே போகாத மனைவி பெக்கி, காசு கேட்டு நிற்கும் பிள்ளைகள் கெல்லி, பட்.

அல்லுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்துவிட்டால் சிரிப்பின் ஊற்றே வற்றிவிடும். அப்புறம், மறுஒளிபரப்பில் எந்தப் பகுதியை எப்போது பார்த்தாலும் புரியவும் வேண்டும். அதனால் பல்லாங்குழியில் ஆட்டம் முடிந்ததும் காய்களை மறுபடி குழிகளில் நிரப்புவதுபோல, ஒவ்வொரு வாரமும் கதை பழைய நிலைக்கே திரும்பும். எழுத்தாளர்களின் சோம்பல் இல்லை இது, நல்ல கட்டுமானம்.

குடும்பத்தையே வெறுக்கும் தொடர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெளியாள் யாராவது வம்புக்கு வந்தால் நால்வரும் ஒன்றாகத் திரண்டு அடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.