நரைத்த தேக்குக்கு மறுபடி வார்னிஷா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தபடி தேக்குப் பலகையில் திறந்தவெளித் தரை (டெக்) போட்டு நான்கு வருடம் ஆகிறது. வருடாவருடம் வார்னிஷ் அடித்தும், ஒரு மழைக்காலத்திலேயே செதில் செதிலாக உரிந்துவிடுகிறது. உரிந்த இடமெல்லாம் சாம்பல் நிறம், ஆணியைச் சுற்றிக் கருப்பு. மரம் மக்கிவிட்டதா ஐயா? கார் கழுவும் பிரஷர் பம்ப்பால் அடித்துவிட்டு மறுபடி பூசலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் சாம்பல் பூத்த இடத்தில் குத்திப் பாருங்கள் அம்மா. முனை இறங்காவிட்டால் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை அப்படியே இருக்கிறது. பொதபொதவென்று இறங்கும் பலகையை மட்டும் மாற்றினால் போதும். மர நார்களைப் பிடித்து நிறுத்தும் லிக்னின் என்ற பசையை வெயில் உடைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது, வெளுத்த நார் மிஞ்சுகிறது. அந்த நரை மேல்தோல் அளவுக்குத்தான். கருப்பு வேறு. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்த கறை அது. ஆணிகளைப் பிடுங்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். தரைப்பலகை மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே நிற்கும் படலம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் அடியில் தங்கி, மீதியையும் தூக்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஏற்காட்டில் ஒரு வீட்டுக்கு நானே இப்படிப் பூசிக் கொடுத்தேன். ஒரே வருடத்தில் உரிந்தது. அத்தனையையும் சுரண்டி எடுக்க இரண்டு ஆளுக்கு ஒரு வாரம் ஆனது. அதிலிருந்து திறந்தவெளித் தரைக்கு நான் எண்ணெய் மட்டும்தான்.

பிரஷர் பம்ப்பைக் கிட்டத்தில் பிடித்தால் நாரைக் கிழித்துப் பலகையைச் சொரசொரப்பாக்கிவிடும். பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டுங்கள். மிச்சம் இருந்தால் அங்கே எண்ணெய் இறங்காது. சோப்புத் தண்ணீர் விட்டு, நார்ப் பிரஷ்ஷால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் தடவி, கால் மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். சாம்பலும் ஆணிக் கருப்பும் விலகித் தேக்கின் தேன் நிறம் திரும்பும். அந்த ஆசிட் விஷம், கையுறை, கண்ணாடி, மூக்குக்குத் துணி கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது.

இதையெல்லாம் மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்ததும் 80 நம்பர் உப்புத்தாள் போதும். அதைவிட வழவழப்பாக்கினால் மரம் எண்ணெயைக் குடிக்காது. நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே உறிஞ்சினால் தயார்.

எண்ணெயில் கொஞ்சம் நிறம் கலந்திருக்கட்டும், வெயிலைத் தடுப்பது அந்த நிறம்தான். வெறும் ஆளிவிதை எண்ணெய் உங்கள் ஊர் மூடுபனிக்குப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் பண்ருட்டிப் பக்கம் உத்திரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவோம். கரையானுக்கு நல்லது, ஆனால் கருத்துவிடும், தோலையும் புண்ணாக்கும், கால் வைக்கும் இடத்துக்கு ஆகாது. மெல்லிசாகத் தடவி, இருபது நிமிடத்தில் மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஊற ஆரம்பித்தால் மறுபூச்சு. சுரண்டும் வேலையே இல்லை.

துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக வெளியே விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.